ஊட்டும் கைக்கு நேரம் வேண்டும்

(வீட்டில் முதியோரைப் பராமரிப்பவர்களுக்காகப் பதுளையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று ஒரே ஒரு கேள்வியைப் பற்றித்தான் பேசப் போகிறேன். உங்களில் சிலர் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு, அது சரியா பிழையா என்று இன்னும் மனதுக்குள் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். சிலருக்கு அது இனிமேல்தான் வரும்.

வீட்டில் மறதி நோய் முற்றிய அம்மாவோ அப்பாவோ இருக்கிறார். பல மாதங்களாகச் சாப்பாடு குறைந்து வந்திருக்கிறது. இப்போது வாயைத் திறக்கவே மறுக்கிறார், திறந்தாலும் கொடுத்ததெல்லாம் புரையேறுகிறது. காய்ச்சல் வருகிறது, நெஞ்சில் சளி கட்டுகிறது. திரீவீலர் பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்க்கிறீர்கள். இரண்டொரு நாள் கழித்து, "மூக்கால் குழாய் போடட்டுமா?" என்று கேட்கிறார்கள். அந்த நேரம் கட்டிலருகே நிற்பது பெரும்பாலும் ஒரு மகள் அல்லது ஒரு மருமகள். மூத்த மகன் கொழும்பில் கடையில் நிற்கிறார், இன்னொரு மகள் குவைத்தில் வீட்டு வேலையில் இருக்கிறாள். கேள்வி பாதி சிங்களத்திலும் பாதி சைகையிலும் வருகிறது. போடாவிட்டால் என்ன ஆகும் என்று அந்தப் பெண் கேட்கிறாள். சாப்பாடு இறங்காது என்று பதில் வருகிறது. அதைக் கேட்ட பிறகு எந்தப் பெண்ணுக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் வரும்?

அந்தக் கேள்வி கேட்கப்படும் விதமே பிழை என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். குழாயா, பட்டினியா என்று இரண்டே வழிகள் இருப்பதுபோல் குடும்பத்தின் முன்னால் வைக்கிறார்கள். மூன்றாவது வழி ஒன்று உண்டு. கையால், பொறுமையாக, அவர் விரும்புகிற அளவுக்கு, அவர் விழுங்கக்கூடிய பக்குவத்தில் ஊட்டிவிடுவது. மறதி நோயின் கடைசிக் கட்டத்தில் குழாயைவிட அதுவே மேல் என்று உலகத்தின் பெரிய முதியோர் மருத்துவச் சங்கங்கள் சொல்கின்றன. அந்த வழியை நம் குடும்பங்களுக்கு யாரும் தமிழில் உட்கார்ந்து சொல்வதில்லை என்பதே என் கவலை.

முதலில் நோயைப் பார்ப்போம். மறதி நோய் என்றதும் பேர் மறப்பது, வழி மறப்பது, சம்பளக் காசை வைத்த இடம் மறப்பது என்றுதான் நினைக்கிறோம். அது தொடக்கம் மட்டுமே. மூளை தேயத் தேய, உடம்பு பழகிய வேலைகளும் ஒவ்வொன்றாகக் கழன்று போகும். சேலை கட்டத் தெரியாமல் போகும், மலஜலம் கழிக்கும் உணர்வு போகும், நடை போகும், பேச்சு நாலைந்து சொல்லுக்குள் சுருங்கிவிடும். கடைசியில் விழுங்கும் வித்தையும் மறந்துபோகும். விழுங்குவது நமக்குச் சாதாரண காரியம். ஆனால் ஒரு வாய்ச் சோறு இறங்கும்போது நாக்கு அதைப் பின்னுக்குத் தள்ள வேண்டும், மூச்சுக்குழலின் வாசல் அடைபட வேண்டும், உணவுக்குழல் திறக்க வேண்டும். எல்லாம் ஒரு விநாடிக்குள் ஒழுங்காக நடக்க வேண்டும். அந்த ஒழுங்கை நடத்துவது மூளை. அது தடுமாறினால் சோறு கன்னத்தில் ஒதுங்கியே கிடக்கும், தேத்தண்ணி மூச்சுக்குழலுக்குள் போய்விடும். அப்படிப் போனதுதான் நுரையீரலில் நிமோனியாவாக மாறுகிறது.

இந்த நோய் பணக்காரருக்கு வரும், தோட்டத்தில் வேலை செய்து உரமேறிய உடம்புக்கு வராது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். உலகத்தில் ஐந்தரைக் கோடிக்கும் அதிகமானோருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. ராகமையில் 65 வயதைத் தாண்டியவர்களிடையே நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு நான்கு பேரளவில் இருந்தது. லயத்துக் காம்பராக்களில் இது "வயசாயிருச்சு, புத்தி தடுமாறிருச்சு" என்ற இரண்டு வார்த்தையில் முடிந்துவிடுகிறது. பல வீடுகளில் நோய்க்கு ஒரு பேர் கிடைப்பதே சாப்பாடு நின்றுபோய் ஆஸ்பத்திரிக்கு வரும் நாளில்தான்.

அமெரிக்காவில், பொஸ்டன் நகரைச் சுற்றியுள்ள 22 முதியோர் இல்லங்களில், மறதி நோய் முற்றிய 323 பேரை ஒன்றரை வருஷம் தொடர்ந்து கவனித்தார்கள். 2009இல் அந்த ஆய்வு வெளியானது. அந்தக் காலத்துக்குள் பாதிக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். நூற்றுக்கு 86 பேருக்குச் சாப்பிடுவதில் சிரமம் வந்தது. தாதிமாரும் சமையற்காரரும் சத்துணவு நிபுணர்களும் இருந்த இல்லங்கள் அவை. அங்கேயே அப்படி என்றால், இந்தச் சிரமம் நோயின் பாதையிலேயே இருக்கிறது. மாமியார் சாப்பிடாமல் மெலிந்ததற்கு மருமகள் காரணம் என்று லயத்தில் யாராவது பேசினால், அவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

இனிக் குழாய்க்கு வருவோம். மூக்கால் போடும் குழாயைத் தவிர வயிற்றுக் குழாயும் உண்டு. பெரிய ஆபரேஷன் இல்லாமல், எண்டொஸ்கோப் கருவியின் உதவியோடு வயிற்றில் சிறு துளையிட்டு நேரே போடும் குழாயை, 1979இல் கிளீவ்லண்ட் நகரத்து டாக்டர்கள் முதன்முதலில் போட்டது விழுங்க முடியாத ஒரு குழந்தைக்கு. நல்ல கண்டுபிடிப்பு. வளர்ந்து தேறக்கூடிய பிள்ளைகளின் உயிரைக் காத்தது. பிறகு அது மெல்ல மெல்ல முதியவர்களிடமும் போனது. மறதி நோயாளிகளுக்கு இதனால் ஆயுள் கூடுகிறதா, நிமோனியா குறைகிறதா, படுக்கைப் புண் ஆறுகிறதா என்று இருபது வருஷம் கழித்து, 1999இல், அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்தார்கள். எதற்கும் ஆதாரம் கிடைக்கவில்லை. பிறகு வந்த பெரிய ஆய்வுகளும் அதையே சொல்லின. படுக்கைப் புண் கூடுகிறது என்றுகூடச் சிலவற்றில் தெரிந்தது. 2014இல் அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம், முற்றிய மறதி நோயில் குழாயைப் பரிந்துரைக்கவில்லை என்றும் கவனமாகக் கையால் ஊட்டும் வழியைக் குடும்பத்துக்குச் சொல்ல வேண்டும் என்றும் எழுதி அறிவித்தது. அந்த நாட்டு முதியோர் இல்லங்களில் இத்தகைய நோயாளிகளுக்குக் குழாய் போடுவது 2000இல் நூற்றுக்கு 12 பேரளவில் இருந்தது. 2014இல் அது ஆறுக்கும் கீழே வந்துவிட்டது.

குழாய் போட்டால் புரையேறாது என்று நம்புகிறோம். எச்சில் வாயில் ஊறிக்கொண்டேதான் இருக்கிறது, அதுவும் மூச்சுக்குழலுக்குள் இறங்கும். வயிற்றுக்குள் ஊற்றிய பாலும் மேலே எதிர்த்து வரும். அதனால் நிமோனியாவைக் குழாய் தடுப்பதில்லை. மூக்கில் ஒரு குழாய் தொங்குவது ஏன் என்று மறதி நோயாளிக்கு விளங்காது. பிடுங்கி எறிவார். திரும்பப் போடுவார்கள், திரும்பப் பிடுங்குவார். பிறகு கையைக் கட்டிலோடு துணியால் கட்டுவார்கள். ஆயுள் முழுக்கக் கொழுந்து பறித்த கை கட்டில் கம்பியோடு கட்டுண்டு கிடப்பதை வாட்டுகளில் பார்த்திருக்கிறேன். அது எந்தப் பிள்ளையும் கேட்டு வாங்கிய முடிவாக இருக்க முடியாது.

இன்னொரு பக்கமும் உண்டு. துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிய பிறகு அந்தக் குழாய் உங்கள் பொறுப்பு. மடுல்சீமைக்கு மேலே ஒரு தோட்டத்தில் ராத்திரி பத்து மணிக்கு அது அடைத்துக்கொண்டாலோ கழன்று வந்தாலோ, மழையில் திரீவீலர் பிடித்து மலை இறங்கித்தான் திரும்பப் போட வேண்டும். குழாய்க்குள் ஊற்றும் மாப்பால் என்ன விலை என்பதை, 2022இல் ஒரு பக்கெட்டுக்கு வரிசையில் நின்ற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆஸ்பத்திரி வேலையில் இருக்கும் என் தொழிலைச் சேர்ந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. வாட்டில் குழாய் இவ்வளவு எளிதாகக் கைக்கு வருவதற்கு ஒரு காரணம் நேரம். கையால் ஊட்ட ஒருவருக்கு முக்கால் மணி நேரம் ஆகும். குழாயில் ஊற்றச் சில நிமிடம் போதும். கட்டில் நிறைந்த வாட்டில் ஒரு மிஸ்ஸி எத்தனை பேருக்குத்தான் ஊட்டுவார்? அந்த நெருக்கடி எனக்குத் தெரியும். ஆனால் வாட்டின் நெருக்கடியை நோயாளியின் தேவை என்று குடும்பத்திடம் சொல்லக் கூடாது.

குழாயே கூடாது என்று நான் சொன்னதாக யாரும் வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டாம். பாரிசவாதம் வந்து திடீரென விழுங்க முடியாமல் போனவருக்கு, அந்தச் சக்தி திரும்பும் வரை சில வாரம் மூக்குக் குழாய் போடுவது நல்லது, போடத்தான் வேண்டும். மறதி நோயின் தொடக்கத்தில் இருப்பவருக்கு வேறொரு நோய் வந்து, அது தீர்ந்தால் பழையபடி சாப்பிடுவார் என்றாலும் அப்படித்தான். நான் பேசுவது நடை, பேச்சு, முகம் அறிதல் எல்லாம் போய்ப் படுக்கையோடு இருக்கும் கடைசிக் கட்டத்தைப் பற்றி. உங்கள் அம்மா எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்பதுதான் டாக்டரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

இதெல்லாம் விளங்கினாலும் "குழாய் வேண்டாம்" என்று சொல்ல நமக்கு நா எழாது. ஏன் எழாது என்று கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

ஹாங்காங்கிலும் தாய்வானிலும் சீனக் குடும்பங்களுக்கு இதே தவிப்பு. பெற்றவரைப் பேணுவது அவர்களுக்குத் தலையாய கடமை. பசித்த வயிற்றோடு செத்தவர் பசித்த ஆவியாக அலைவார் என்ற பயம் அங்கே ஆழமாக வேரூன்றியது. அதனால் டாக்டர் என்ன சொன்னாலும் குழாய் போடச் சொல்லும் பிள்ளைகள் அங்கே ஏராளம். நமக்கும் அந்தப் பயம் புதிதில்லை. பசியோடு போன உயிர் சாந்தியடையாது என்று நம் வீடுகளில் சொல்வார்கள். நம் பக்கத்துச் சிங்களக் கிராமங்களிலும் பசித்த பெரேதையைப் பற்றிய பேச்சு உண்டு.

ஆனால் மலையகத்தில் இந்தப் பயத்துக்கு நம்பிக்கையைத் தாண்டி ஒரு சரித்திரமும் இருக்கிறது. 1973, 74ஆம் வருஷங்களை நினைத்துப் பாருங்கள். உலகச் சந்தையில் உணவு விலை ஏறியது, கூப்பனுக்குக் கிடைத்த மாவும் அரிசியும் குறைந்தன, தோட்டச் சம்பளத்தில் வெளியே வாங்கிச் சாப்பிட வழியில்லை. தோட்டங்களில் இறப்பு வீதம் மளமளவென்று ஏறியது. நகரங்களுக்குள் இறங்கிப் பிச்சை கேட்டவர்களும் இருந்தார்கள். இன்று எண்பதைத் தொடும் நம் கிழவிகள் அன்று முப்பதை நெருங்கிய இளம் தாய்மார். தன் பங்கு ரொட்டியைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுச் சாயத்தண்ணி குடித்துப் படுத்தவர்கள். மறதி நோய் வந்து பெற்ற பிள்ளையின் பேரே மறந்துபோன பிறகும், ரொட்டித் துண்டைத் தலையணைக்கடியில் ஒளித்துவைக்கும் கிழவிகளை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அப்படிப்பட்ட தாயின் பிள்ளைகளிடம், இனிச் சாப்பாடு இறங்காது என்று சொன்னால் நெஞ்சு பதறத்தானே செய்யும்? அம்மாவைப் பட்டினி போட்டுக் கொன்றுவிட்டார்கள் என்று ஊர் சொல்லுமே என்ற பயமும் கூடவே வரும். இந்தப் பதற்றத்தை அறியாமை என்று ஒதுக்கிவிடும் டாக்டருக்கு இந்த மக்களின் சரித்திரம் தெரியாது என்றுதான் சொல்வேன்.

அதனால்தான் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1974இல் வயிறு கேட்டது, கொடுக்க உணவு இல்லை. இந்த நோயின் முடிவில் உணவு தட்டில் இருக்கிறது, உடம்பு அதைக் கேட்பதை நிறுத்திவிடுகிறது. கடைசி நாட்களில் இருப்பவர்களுக்குப் பசி மங்கிப்போகிறது. அவர்களைத் தொந்தரவு செய்வது பெரும்பாலும் வாய் வறட்சி. ஈரத்துணியால் வாயைத் துடைத்து, உதட்டில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவினால் அது தணிகிறது.

ஊட்டும் விதத்தைப் பற்றி இப்போது கொஞ்சம் விரிவாகப் பேச விரும்புகிறேன். பசறைக்கு மேலே ஒரு தோட்டத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல், ஒரு மருமகள் தன் மாமியாருக்கு ஊட்டுவதை இஸ்தோப்பில் உட்கார்ந்து பார்த்தேன். முதலில் உள்ளே ஓடிக்கொண்டிருந்த டீவியை நிறுத்தினார். கிழவியின் முதுகுக்குப் பின்னால் இரண்டு தலையணை வைத்து நேராக உட்கார்த்தினார், மோவாய் கொஞ்சம் கீழே பார்க்கும்படி. தான் நின்றுகொண்டு ஊட்டவில்லை. ஒரு பலகையைப் போட்டு முகத்துக்கு நேரே உட்கார்ந்தார். சோறும் பருப்பும் பூசணிக்காயும் ஒன்றாகக் குழைய மசித்தது, பச்சைத் தட்டில் இருந்தது. வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு அந்தக் கண்ணுக்குத் தெரியாது என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, பழக்கத்தில் கண்டுபிடித்திருக்கிறார். "அத்தை, பூசணிக்காய்" என்று சொல்லிச் சின்னத் தேக்கரண்டியைக் கீழுதட்டில் தொட்டார். வாய் திறந்தது. தொண்டை ஒரு முறை ஏறி இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் அடுத்த கரண்டியை எடுத்தார். பாதியில் கிழவி உதட்டை இறுக்கிக்கொண்டபோது அவர் திணிக்கவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, மாமியார் அந்தக் காலத்தில் கொழுந்து பறித்த மலையைப் பற்றிப் பேசினார். பிறகு கரண்டியைக் கிழவியின் கையிலேயே கொடுத்து, அந்தக் கைக்கு அடியில் தன் கையை வைத்து மெதுவாக வாய்க்குக் கொண்டுபோனார். கை பழைய வழக்கத்தை நினைவு வைத்திருந்தது. வாய் திறந்தது. ஒரு சின்னக் கோப்பை முடிய முக்கால் மணி நேரம் ஆனது. முடிந்ததும் விரலில் துணி சுற்றிக் கன்னத்தின் உள்பக்கம் தங்கியதைத் துடைத்து எடுத்தார். படுக்க வைக்காமல் அரை மணி நேரம் உட்கார்த்தியே வைத்திருந்தார்.

எந்த ஆஸ்பத்திரியிலும் இதைவிடச் சிறந்த ஊட்டலை நான் பார்த்ததில்லை.

எதைக் கொடுப்பது என்பதிலும் சில விஷயங்கள் உண்டு. நம் வீட்டுக் கோதுமை மா ரொட்டி இவர்களுக்கு ஆபத்தானது. காய்ந்தது, நார்போல் இழுபடுவது, மென்று முடியாது. ரசஞ்சோறு இலகுவாக இறங்கும் என்று நினைக்கிறோம், அதுவும் சிக்கல்தான். தண்ணி முதலில் தொண்டைக்கு ஓடிவிடும், பருக்கை வாயில் தங்கும், இரண்டையும் ஒரே நேரத்தில் சமாளிக்க அந்தத் தொண்டைக்கு முடியாது. வெறும் தண்ணியும் பிளேன்டீயும்தான் அதிகம் புரையேறும். கஞ்சியோ குரக்கன் கூழோ ஜவ்வரிசிக் கஞ்சியோ கரண்டியில் நிற்கும் பதத்தில் இருந்தால் மெதுவாக இறங்கும். பழுத்த பப்பாசி, வாழைப்பழம், மசித்த வெலிமடைக் கிழங்கு, நம் மலைகளில் காய்த்துத் தொங்கும் பட்டர்புரூட் எல்லாம் நல்லவை. பட்டர்புரூட்டில் கொழுப்புச் சத்து அதிகம், கொஞ்சம் போனாலும் பலன் உண்டு. இனிப்பின் ருசி இவர்களுக்குக் கடைசிவரை தங்குகிறது. ஆயுள் முழுக்க உறைப்பாகச் சாப்பிட்டவர் இப்போது சீனி கேட்டால் கொடுங்கள். அரைத் தூக்கத்தில் இருக்கும்போது மட்டும் எதையும் வாயில் வைக்காதீர்கள்.

சாப்பிட மறுத்தவுடன் நோய் முற்றிவிட்டது என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். முதலில் வாயைத் திறந்து பாருங்கள். நம் பெரியவர்கள் வெற்றிலை போட்ட வாய்க்காரர்கள், தோட்டங்களில் வாய்ப்புற்று சாதாரணமாகக் காணும் நோய். பல் வலியோ, வாய்ப்புண்ணோ, வெள்ளை படிந்த நாக்கோ இருந்தால் சொல்லத் தெரியாமல் வாயை மூடிக்கொள்வார்கள். மலச்சிக்கல், சலக்கடுப்பு, மன வாட்டம், தூக்கம் வரச் செய்யும் குளிசைகள், இவையும் சாப்பாட்டை நிறுத்தும். இவற்றில் பலவற்றுக்கு மருந்து உண்டு. கிளினிக்குக்குப் போகும்போது எல்லாக் குளிசைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய், இதில் எதை நிறுத்தலாம் என்று கேளுங்கள்.

இந்த முடிவை எடுக்கக் குடும்பத்துக்கு எப்படி உதவுவது என்று வெளிநாடுகளில் நிறைய யோசித்திருக்கிறார்கள். கனடாவில் ஒட்டாவா நகரத்து ஆய்வாளர்கள் இதற்கென்றே ஒரு கையேடு செய்தார்கள். நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, குழாயால் என்ன நன்மை, என்ன தீமை, கையால் ஊட்டினால் என்ன நடக்கும், நோயாளி தன் நல்ல காலத்தில் எதை முக்கியமாக நினைத்தார், குடும்பத்தில் யார் யார் பேச வேண்டும் என்றெல்லாம் எளிய பேச்சில் கேட்டுக் கேட்டுப் போகும் கையேடு. அமெரிக்காவில் வட கரோலைனா மாநிலத்தின் 24 முதியோர் இல்லங்களில், இத்தகைய கையேடு ஒன்றை வைத்து 256 குடும்பத்தாரிடம் நடத்திய ஆய்வு 2011இல் வந்தது. கையேடு கிடைத்தவர்களுக்கு விஷயம் அதிகம் தெரிந்திருந்தது, மனத்தடுமாற்றம் குறைந்திருந்தது, டாக்டர்மாரோடு அதிகம் பேசியிருந்தார்கள். தாய்வானில் 2019இல் நடைமுறைக்கு வந்த ஒரு சட்டத்தின்படி, புத்தி தெளிவாக இருக்கும்போதே ஒருவர், எனக்கு மறதி நோய் கடுமையாக முற்றினால் குழாய் வழி உணவு வேண்டாம் என்று எழுதி வைக்கலாம். பெற்றவருக்கு உணவூட்டுவதைப் பெருங்கடமையாக நினைக்கும் ஒரு சமூகம் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

நம் வீடுகளுக்கு அச்சடித்த கையேடு மட்டும் போதாது. வாசிக்கத் தெரியாத பெரியவர்கள் இருக்கிறார்கள், வாசிக்க நேரமில்லாத மருமக்கள் இருக்கிறார்கள். நமக்குத் தேவை, தமிழில் உட்கார்ந்து பேச ஒரு ஆள். வாட்டில் இருக்கும் ஒரு தமிழ் தாதி, தோட்டத்து மருத்துவ உதவியாளர், வீடுகளுக்குப் போகும் சுகாதார உத்தியோகத்தர், யாராகவும் இருக்கலாம். அந்தப் பேச்சு குழாய் போடும் காலையில் நடக்கக் கூடாது. அம்மா மெலியத் தொடங்கும்போதே நடக்க வேண்டும். கொழும்பு மகனையும் குவைத் மகளையும் வட்சப்பில் கூப்பிட்டு, எல்லோரும் கேட்கும்படி நடக்க வேண்டும். கூட இருந்து பார்க்காதவர்கள்தான் கடைசி நேரத்தில் வந்து, "ஏன் குழாய் போடல?" என்று சத்தம் போடுவார்கள். தூரத்தில் இருப்பவருக்குக் குற்ற உணர்ச்சி அதிகம், அது சத்தமாக வெளியே வரும். முடிவு எல்லோருடையதாக இருந்தால், பழி ஒரு மருமகளின் தலையில் விழாது.

அப்போது கேட்க வேண்டியது, "உங்களுக்கு என்ன வேணும்?" என்பதல்ல. "அம்மா இப்ப பேச முடிஞ்சா என்ன சொல்லுவாங்க?" என்று கேளுங்கள். அயல் லயத்தில் யாரோ குழாயோடு கிடந்ததைப் பார்த்துவிட்டு வந்து, எனக்கு இப்படியெல்லாம் செய்யாதீங்க என்று அவர் எப்போதோ சொல்லியிருப்பார். அந்த வார்த்தை யாராவது ஒரு பிள்ளையின் நினைவில் இருக்கும்.

முடிவு நெருங்கும்போது நம் வழக்கப்படி பால் ஊற்றுவோம். உயிர் இழுத்துக்கொண்டிருந்தால், எந்த ஆசை தீரவில்லையோ என்று பொன் உரசி, மண் கரைத்து ஊற்றுகிறவர்களும் உண்டு. சுற்றம் முழுவதும் வரிசையில் வந்து ஆளுக்கு ஒரு கரண்டி ஊற்றுவதைப் பார்த்திருக்கிறேன். விழுங்க முடியாதவரின் மூச்சுக்குள் அது போய்த் திணறவைக்கும், அந்தக் கடைசி நேரத்தில் அவருக்கு நாம் தரக்கூடாத துன்பம் அது. வழக்கத்தை விட வேண்டாம். பஞ்சைப் பாலில் நனைத்து உதட்டையும் நாக்கையும் தொட்டு வையுங்கள். பேரப்பிள்ளையும் அப்படியே தொட்டு வைக்கட்டும். பால் கொடுத்த மனநிறைவு உங்களுக்கு உண்டு, மூச்சு அவருக்கு நிம்மதியாகப் போகும்.

கடைசியாக, நேரம். கையால் ஊட்டுவதே மேல் என்று மேடையில் நின்று சொல்வது எனக்குச் சுலபம். மூன்று வேளைக்கும் முக்கால் மணி நேரம் என்றால், காலையில் பிரட்டுக்குப் போய் மாலையில் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வரும் ஒரு பெண் எங்கே போவாள்? நிறை குறைந்தால் சம்பளம் குறையும். வேலைக்குப் போகாவிட்டால் அரிசியே இல்லை. ராத்திரி வேளையைச் சமாளிக்கலாம். பகல் வேளைதான் யாருமில்லாமல் கிடக்கிறது, காம்பராவுக்குள் கதவு சாத்திவிட்டுப் போகிற வேளை.

இதற்கு நம் சட்டத்திலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தின்படி, கைக்குழந்தை உள்ள தாய்க்கு வேலை நேரத்தில் பால் கொடுக்க இரண்டு இடைவேளை உண்டு, பிள்ளைக்காம்பரா உள்ள இடத்தில் ஒவ்வொன்றும் அரை மணிக்குக் குறையாமல். அதைச் சம்பளத்தில் பிடிக்க முடியாது, அது வேலை நேரமாகவே கணக்காகும். வாழ்வின் தொடக்கத்தில் ஒரு வாய் ஊட்டத் தோட்டம் நேரம் கொடுக்கிறது. வாழ்வின் முடிவில் ஊட்டவும் அதே நேரத்தைக் கொடுக்க முடியும்.

இங்கே வந்திருக்கும் தோட்டத் தலைவர்மாரிடமும் தலைவிமாரிடமும், தொழிற்சங்கத்தாரிடமும், துரைமாரிடமும் நான் கேட்பது இதுதான். உங்கள் தோட்டத்தில் படுக்கையோடு இருக்கும் மறதி நோயாளிகள் எத்தனை வீட்டில் என்று முதலில் எண்ணிப் பாருங்கள், ஒரு டிவிஷனில் சில வீடுகளுக்கு மேல் இராது. அந்த வீட்டில் ஊட்டுகிற ஒருவருக்குப் பகலில் ஒரு மணி நேரம், சம்பளம் வெட்டாமல், நிறையில் சலுகையோடு கொடுங்கள். அடுத்த சம்பளப் பேச்சில் இதையும் சேர்த்து மேசையில் வையுங்கள். அதுவரை காத்திருக்க வேண்டாம், ஒரு தோட்டத்தின் துரை மனம் வைத்தால் நாளைக் காலைப் பிரட்டிலேயே இதை அறிவிக்கலாம்.